கண்ணனைப் பார்க்க வருமுன்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். மதுரையில் வெயில் கொளுத்துகிறது, வைகை வறண்டு கிடக்கிறது. மற்றபடி சௌக்கியம்.

'புற்றுநோய்க் கட்டி கரைகிறது என்கிறீர்கள், போட்டோவில் கண்ணன் ஏன் இப்படி உருக்குலைந்து இருக்கிறான்?' என்று கேட்டிருந்தாய். அவனோடு ஆஸ்பத்திரிக்குப் போய்வரும்போது டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

உடம்பில் செல்கள் தேவைக்குப் பெருகும், போதுமானதும் நின்றுவிடும். அந்தக் கட்டுப்பாடு போய், நிற்காமல் பெருகுவதுதான் புற்றுநோய். இவனுக்கு நிணநீர்ச் சுரப்பியில் வந்திருக்கிறது. லிம்ஃபோமா என்கிறார்கள். இதற்கு ஏற்றும் கீமோ மருந்து ரத்தத்தோடு உடம்பு முழுக்கப் போய், வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும். முடியின் வேர், வாய், குடல், எலும்பு மஜ்ஜை இங்கெல்லாம் நல்ல செல்களும் வேகமாகத்தான் பெருகுகின்றன. அவையும் அடிபடுவதால் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, வயிற்றைப் புரட்டுகிறது. நோய் முற்றிவிட்டது என்று அர்த்தமில்லை, மாப்ள. நல்ல செல்கள் தேறிக்கொள்ளத்தான் 21 நாளுக்கு ஒரு தடவை என்று இடைவெளி விட்டு ஏற்றுகிறார்கள். முடி திரும்ப முளைத்துவிடும்.

அவனுக்கு ஏற்றும் மருந்துகளில் ஒன்று நல்ல சிவப்பு. முதல் தடவை சிறுநீரும் சிவப்பாகப் போக, ரத்தம் என்று நினைத்து மதினி அழுதுவிட்டார். மருந்தின் நிறம்தான் அது. இன்னொன்று வின்கிரிஸ்டின். சுடுகாட்டுப் பூ என்று சொல்லி வீட்டில் வைக்க விடமாட்டார்களே, அந்த நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது. இதைக் கேட்டுவிட்டுச் சொந்தக்காரர் ஒருவர் இலையைக் கஷாயம் வைத்துக் கொடுக்கச் சொன்னார். நான் சத்தம் போட்டேன். இலையில் மருந்து இருப்பது துளியூண்டு, செடியோ விஷம்.

அந்த வின்கிரிஸ்டின் நரம்பைப் பாதிக்கும். விரல் நுனி மரத்துப்போகிறது. எத்தனை வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்த கை! போன வாரம் ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தான். சட்டைப் பொத்தானை மதினிதான் போட்டுவிடுகிறார். முடி போனதற்கு அவன் கவலைப்படவில்லை, இதற்குத்தான் மருகுகிறான். டாக்டரிடம் சொல்லியிருக்கிறோம், பலருக்கு மெல்ல மெல்லச் சரியாகும் என்றார்.

நீ எப்போது வரலாம் என்றால், மருந்து ஏற்றிய இரண்டாவது வாரம் மட்டும் வேண்டாம். கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் அப்போதுதான் ரொம்பக் குறைந்திருக்கும். அவனிடமிருந்து நமக்கு எதுவும் ஒட்டாது, நம்மிடமிருந்து அவனுக்குத்தான் ஆபத்து. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அதற்கென்றே ஒரு பையைத் தயாராக வைத்திருக்கிறார்கள். உனக்குச் சளி, இருமல் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடு. மூன்றாவது வாரம் தெம்பாக இருப்பான்.

கடை ஜிகர்தண்டா, வெட்டி வைத்த பழம் எதுவும் வாங்காதே. அக்காவின் கைப்பக்குவத்தில் பருப்புப்பொடி அரைத்து வா, காரம் மட்டும் போட வேண்டாம், வாய்ப்புண் எரியும். 'எங்க ஊர்ல ஒருத்தருக்கு இப்படித்தான்...' என்று யார் கதையையும் அவனிடம் எடுக்காதே, அதை வருகிறவர்கள் எல்லோரும் சொல்லித் தீர்த்துவிட்டார்கள். திருப்பூரில் தையல் கூலி எப்படி, புது மெஷின் என்ன வந்திருக்கிறது என்று பேசு. அரை மணி நேரத்தில் களைத்துவிடுவான், அப்போது எழுந்துவிடுவோம்.

அடுத்த ஊசிக்கு முந்தின நாள் ரத்தம் பார்ப்பார்கள். அணுக்கள் தேறவில்லை என்றால் தேதி தள்ளிப்போகும். அதனால் போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் பஸ் ஏறு. ஆரப்பாளையத்தில் நிற்கிறேன்.

அன்புடன்,
பாண்டி