பஞ்சை வைப்பதற்கு முன் சொல்லுங்கள்: சேலத்துப் பல் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறவன் நான். போன கார்த்திகையில் என் அம்மாவுக்குச் சேலத்தில் ஒரு பல் பிடுங்கினார்கள். பிடுங்கியதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த டாக்டர் கைராசிக்காரர். அவர் பெயரையோ தெருவையோ இங்கே எழுதப் போவதில்லை. அஸ்தம்பட்டியிலும் ஐந்து ரோட்டிலும் பழைய பஸ் நிலையத்தைச் சுற்றியும் பலகை மாட்டியிருக்கிற உங்கள் எல்லோருக்குமாகத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மாவுக்கு வயது 67. வலது பக்கத்துக் கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தையாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கிராம்பை நசுக்கி வைத்தாள், கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து அடக்கிக்கொண்டாள், அந்தப் பக்கம் மெல்லுவதையே விட்டுவிட்டாள். பழம் பறிக்கிற நேரத்தில் எனக்கும் நேரமில்லை என்று நானும் தள்ளிப்போட்டேன். கடைசியில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்தவளைக் காலை முதல் பஸ்ஸில் ஏற்றினேன். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தாள். கண்ணில் புரை எடுத்தபோது வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள் அல்லவா, இதற்கும் அப்படித்தான் என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள். மரத்துப்போக ஊசி மட்டும் போடுகிற வேலைக்குச் சாப்பிட்டுவிட்டு வருவதே நல்லது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நேரம் கேட்டுத் தொலைபேசியில் அழைத்தேனே, அப்போது “சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்” என்று இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொல்லியிருக்கலாம்.

ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் அம்மா கீழுதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தாள். என்னைக் கையசைத்துக் கூப்பிட்டு, “வாய் கோணியிருக்கிறதா, பார்” என்றாள். எங்கள் லயனில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், ஒருவருக்குப் பக்கவாதம் வந்ததை நேரில் பார்த்தவள். உதடு தொங்குவதாகவே அவளுக்குப் பட்டது. இரண்டு மூன்று மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிடும் என்று யாரும் சொல்லவில்லை. பயத்தில் இருந்தவளிடம், “வாயை நன்றாகத் திறங்கள் பாட்டி” என்று மட்டும் சொன்னார்கள். நெம்புகோல் போன்ற ஒன்றைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் கொடுத்து அசைத்தார் டாக்டர். பிறகு குறடு. பலாமரப் பெட்டியில் அடித்த ஆணியைப் பிடுங்கும்போது வருமே, அப்படி ஒரு சத்தம் எனக்குக் கேட்டது. அம்மாவுக்கு மண்டைக்குள்ளேயே கேட்டதாம். வலி மட்டும் இல்லை. பத்து நிமிடம்கூட ஆகவில்லை, பல் தட்டில் ‘டங்’ என்று விழுந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் இந்த மடல். குழியின் மேல் பஞ்சை வைத்து, “நன்றாகக் கடித்துக்கொள்ளுங்கள்” என்றார். அடுத்த நோயாளி வாசலில் நிற்க, ஒரே மூச்சில் மற்றதைச் சொன்னார்: ஒரு மணி நேரம் பஞ்சை எடுக்காதீர்கள், துப்பாதீர்கள், கொப்பளிக்காதீர்கள், சூடாக எதுவும் வேண்டாம், ஐஸ்கிரீம் சாப்பிடுங்கள். கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். பொடி எழுத்தில், முழுக்க ஆங்கிலத்தில். அம்மாவுக்குக் கேட்பதற்கு நான்கு கேள்விகள் இருந்தன. வாயைத்தான் பஞ்சால் அடைத்தாயிற்றே.

டாக்டர்களே, யோசித்துப் பாருங்கள். நீங்கள் சொல்கிற எல்லாவற்றையும், எதிரில் இருப்பவர் திருப்பிக் கேட்க முடியாத நேரம் பார்த்துத்தான் சொல்கிறீர்கள். தலையை மட்டும் ஆட்ட முடியும். ஆட்டினால் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறீர்கள்.

வெளியே வந்ததும் முதல் தப்பைச் செய்தவன் நான். குளிர்ச்சியாக ஏதாவது கொடுக்கச் சொன்னாரே என்று அஸ்தம்பட்டியில் ஓர் இளநீர் வாங்கினேன். பஞ்சை எடுத்துவிட்டு அம்மா அதைக் குடித்தாள், ஸ்ட்ரா போட்டு உறிஞ்சி. ஐஸ்கிரீமை அவள் ஏற்கெனவே தள்ளிவிட்டிருந்தாள். கார்த்திகைக் குளிரில் மலை மேல் இருக்கிறவளைப் பார்த்து ஐஸ்கிரீம் சாப்பிடச் சொல்கிறார்களே, இவர்கள் எல்லாம் படித்தவர்களா என்பது அவள் பார்வை.

இரண்டாவது தப்பு பஸ்ஸில். வாயில் ஊறுகிற எச்சிலில் ரத்தம் கலந்திருந்தது. ரத்தத்தை விழுங்கினால் வயிற்றுக்கு ஆகாது என்று கேட்டு வளர்ந்தவள், நாற்பது வருஷமாக வெற்றிலை போட்டுத் துப்பிப் பழகியவள், ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு துப்பிக்கொண்டே வந்தாள். மலைப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வெறும் வயிறு, இளநீர், ரத்த வாடை. பாதி வளைவுகள்கூடத் தாண்டவில்லை, வாந்தி. வீட்டுக்கு வந்ததும் மூன்றாவது தப்பு. உப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளித்தால் புண் ஆறும் என்று பக்கத்து வீட்டு அத்தை சொல்ல, அன்று சாயங்காலமே நான்கு முறை கொப்பளித்துவிட்டாள்.

மூன்றாம் நாள் வலி வந்தது. பல் இருந்தபோது வந்ததைவிட மோசமான வலி. காதுக்குள் குத்தி, நெற்றிப்பொட்டு வரைக்கும் ஏறியது. வாயில் நாற்றம். டார்ச் அடித்துப் பார்த்தேன். குழியில் ரத்தக்கட்டி இல்லை, சாம்பல் நிறத்தில் அடியில் ஏதோ தெரிந்தது. எலும்பு என்று எனக்கு அப்போது தெரியாது. அவள் தூங்கவில்லை. நானும் தூங்காமல், கைபேசியில் பல்லைப் பற்றி அகப்பட்டதை எல்லாம் படித்தேன். பல் பிடுங்கிய குழியில் உறைகிற ரத்தம்தான் அந்தப் புண்ணுக்குத் தோல். துப்பும்போதும் ஸ்ட்ராவில் உறிஞ்சும்போதும் வாய்க்குள் உண்டாகிற இழுப்பில் அது பெயர்ந்துவிடலாம். அதே நாளில் கொப்பளித்தால் கரைந்து போகலாம். அப்புறம் எலும்பு வெறுமையாக நின்று வலிக்கிறது. ‘ட்ரை சாக்கெட்’ என்கிறீர்கள். உப்புத் தண்ணீரும் நல்லதுதானாம், ஆனால் ஒரு நாள் கழித்து. எல்லாம் சரியாகச் செய்தவர்களுக்கும் கீழ்க் கடைவாயில் சில சமயம் இப்படி வரும் என்றும் படித்தேன், அதையும் மறைக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் செய்யக்கூடாததில் எதையுமே நாங்கள் மிச்சம் வைக்கவில்லையே!

மறுபடியும் இறங்கினோம். டாக்டர் குழியைக் கழுவி, மருந்து தோய்த்த துணித் துண்டு ஒன்றை உள்ளே வைத்தார். அம்மா மூக்கைச் சுளித்தாள். கிராம்பு வாசனை. “இதற்கா மலை இறங்கி வந்தோம், இது நம் வீட்டு அலமாரியிலேயே இருந்ததே” என்றாள் வெளியே வந்ததும். ஆனால் அரை மணி நேரத்தில் வலி பாதியாகிவிட்டது, அதையும் அவளே சொன்னாள். உள்ளே டாக்டர் என்னிடம் சொன்னது ஒரு வாக்கியம்தான்: “துப்பக் கூடாது என்று அன்றைக்கே சொன்னேனே.”

சொன்னீர்கள் ஐயா. ஏன் என்று சொல்லவில்லை. ‘துப்பாதீர்கள்’ என்பது பஸ் நிலையச் சுவரிலும் எழுதியிருக்கிறது. அதைச் சுத்தத்துக்காகச் சொல்வதாகத்தான் அம்மா நினைத்தாள். குழிக்குள் ஒரு கட்டி உறைய வேண்டும், அது பெயர்ந்தால் எலும்பு வலிக்கும், எச்சிலில் தெரிகிற சிவப்பில் ரத்தம் கொஞ்சம்தான், மீதி எல்லாம் எச்சில், விழுங்கினால் ஒன்றும் ஆகாது என்று ஊசி வேலை செய்வதற்குக் காத்திருக்கிற அந்த ஐந்து நிமிடத்தில் சொல்லியிருந்தால் அவள் வாயைப் பூட்டிக்கொண்டு வந்திருப்பாள். பிடிவாதக்காரி, காரணம் தெரிந்தால் மீற மாட்டாள்.

எங்கள் தோட்டத்து விஷயம் ஒன்று சொல்கிறேன். காப்பிச் செடிக்கு இலைத்துரு நோய் வராமல் இருக்க மழைக்கு முன்னால் போர்டோ கலவை அடிப்போம். ஒரு கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), ஒரு கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. இரும்புப் பாத்திரம் ஆகாது. முடிந்ததும் பளபளப்பான கத்தியை முக்கிப் பார்க்க வேண்டும். கத்தியில் செம்பு நிறம் ஒட்டினால் சுண்ணாம்பு போதவில்லை, அப்படியே அடித்தால் இலை கருகிவிடும். இவ்வளவும் எங்கள் கிடங்குச் சுவரில் தமிழில், முழ நீளத்துக்குக் கரியால் எழுதியிருக்கிறது. எழுதியவன் நான்தான். புதிதாக வேலைக்கு வருகிறவனிடம் மருந்தைத் தொடுவதற்கு முன்னால் சுவரைப் படித்துக் காட்டுவேன். வாளியைக் கையில் கொடுத்த பிறகு அல்ல. ஓர் இலைக்கு இவ்வளவு செய்கிறோம்.

உங்களிடம் வராமல் போகிறவர்களைப் பற்றியும் கொஞ்சம். எங்கள் பறிப்பாட்களில் ஒருவர் வீங்கிய தாடையோடு இறங்கினார். ஐந்து நாள் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை கூடிவிடுவதால் மரத்துப்போகிற மருந்து சரியாக வேலை செய்வதில்லை, பிடுங்கினால் உயிர் போகிற வலி. இதை யாரும் அவரிடம் விளக்கவில்லை. இழுத்தடிக்கிறார்கள், இன்னொரு நாள் கூலியும் போச்சு என்று திட்டிக்கொண்டு ஏறினார். மறு வாரம் சந்தையில் கண்டங்கத்திரி விதைப் புகை பிடித்துப் பல்லில் இருந்து ‘பூச்சி’ எடுத்துக் காட்டுகிறவரிடம் போய் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பூச்சி விதையிலிருந்து வருகிறதே தவிரப் பல்லிலிருந்து வருவதில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்த ஆள் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறார்.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்ற பயமும் அப்படித்தான். நீங்கள் சிரிக்கிறீர்கள். பார்வை நரம்பு மூளையிலிருந்து வருகிற இரண்டாவது நரம்பு, பல்லுக்கு வருவது ஐந்தாவது நரம்பின் கிளை, இரண்டுக்கும் வழி வேறு என்று ஒரு படத்தைக் காட்டினால் போதும். என்னைக் கேட்டால், எங்கள் பக்கத்தில் பல் விழுகிற வயதும் கண்ணில் புரை வளர்கிற வயதும் ஒன்றாக இருப்பதில்தான் இந்தப் பேச்சு பிறந்திருக்க வேண்டும். பல்லைப் பிடுங்கிய அடுத்த வருஷம் பார்வை மங்கினால் பழி பல் டாக்டர் மேல்தானே விழும்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பதும் உங்கள் படிவத்தில் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. “நெஞ்சுக்கு ஏதாவது மாத்திரை போடுகிறீர்களா” என்று கேளுங்கள், பையைத் திறந்து அட்டையையே காட்டுவார்கள்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. தமிழில், பெரிய எழுத்தில் ஒரு தாள். அதைப் பஞ்சை வைப்பதற்கு முன் படித்துக் காட்ட ஓர் ஆள், உங்கள் உதவியாளர் பெண்ணே போதும். கூட வந்தவரையும் உள்ளே கூப்பிடுங்கள், இளநீர் வாங்குவது அவர்தான். இன்னொன்று: “எங்கே போகிறீர்கள்” என்று கேளுங்கள். அம்மாப்பேட்டைக்கு ஆட்டோவில் போகிறவரும் நாகலூருக்குப் பஸ் ஏறுகிறவரும் ஒன்றல்ல. மலைக்குப் போகிறவர் என்றால் காலையிலேயே பிடுங்கிவிட்டு, ஒரு மணி நேரம் உங்கள் பெஞ்சில் உட்கார வைத்து, ரத்தம் நின்றதா என்று பார்த்த பிறகு அனுப்புங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு நாங்கள் இடைஞ்சல் செய்ய மாட்டோம். வாயில்தான் பஞ்சு இருக்குமே.

அம்மாவுக்கு மேலே இன்னொரு பல் ஆடுகிறது. பறிப்பு முடிந்து தை கடைசியில் வருவோம். அந்தத் தாளை நானே எழுதி வைத்திருக்கிறேன். தப்பிருந்தால் திருத்தி, வேண்டுமென்றால் அச்சடித்துக்கொள்ளுங்கள். கிடங்குச் சுவரில் எழுதிய அதே பெரிய எழுத்துதான். நேற்று அம்மாவிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரி. பஸ்ஸில் குமட்டினால் என்ன செய்வது என்று எழுதவில்லையே” என்றாள். அந்த வரிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஏற்காட்டிலிருந்து ஒரு தோட்டக் கணக்கர்