குட்டியைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டாயே

அன்புள்ள பாப்பாவுக்கு,

புதிதாக வாங்கிய நாய்க்குட்டிக்குப் பார்வோ (குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய்) வந்துவிட்டது, விற்றவரிடமே திருப்பிக் கொடுக்கலாமா என்று நேற்று போனில் கேட்டு நீ அழுத அழுகையில் நான் சொல்லியது எதுவும் உன் காதில் ஏறியிருக்காது. அதனால் எழுதி அனுப்புகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

"அதைக் கொடுத்துவிட்டு வேறு குட்டி எடுத்துப்போங்கள்" என்கிறாராம் விற்றவர். அங்கே போனால் அதற்கு யார் டிரிப்ஸ் ஏற்றுவார்கள்? பார்வோவுக்கு வைத்தியம் என்பதே தாங்கிப் பிடிப்பதுதான். வாந்தியிலும் ரத்தப்பேதியிலும் வடிந்துபோன நீரை நரம்பு வழியே ஏற்ற வேண்டும், வாந்தியை நிறுத்த வேண்டும், வேறு கிருமி தொற்றாமல் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும். முதல் மூன்று நான்கு நாள்தான் கண்டம். நல்ல வைத்தியம் கிடைத்த குட்டிகள் பெரும்பாலும் பிழைக்கின்றன. சும்மா விட்ட குட்டிகள் பெரும்பாலும் பிழைப்பதில்லை. விற்றவர் வீட்டில் இருக்கும் மற்றக் குட்டிகளுக்கும் இது பரவும். அதனால் இப்போது திருப்பிக் கொடுக்காதே.

வைத்தியம் பார்ப்பதா, வைத்து வளர்ப்பதா என்ற இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறாய். இன்றைக்கு வைத்தியத்தை மட்டும் முடிவு செய். மற்றதை அது எழுந்து சாப்பிட்ட பிறகு பேசலாம்.

மாற்றுக் குட்டி வேண்டவே வேண்டாம். இந்தக் கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் கிடக்கும், சோப்புத் தண்ணீருக்குச் சாகாது. தடுப்பூசி முழுதாகப் போடாத இன்னொரு குட்டி உன் வீட்டுக்கு வந்தால் அதுவும் படுத்துவிடும். துணி வெளுக்கும் பிளீச் 1 பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் தரையில் ஊறவிட்டுத் துடை. மனிதர்களுக்கு இது ஒட்டாது என்று உன் மாமியாரிடம் சொல், பாவம் பயந்துபோயிருக்கிறார்.

விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேள், அதில் கூச்சம் வேண்டாம். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. 40 நாள் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துக் கொடுத்தவருக்கு அது தெரியாமலா இருக்கும்? எனக்கு ஆத்திரமாக வருகிறது.

தனியார் கிளினிக் செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போ. எங்கே போனாலும் துணியில் சுற்றித் தூக்கிக்கொள், தரையில் விடாதே. மற்ற நாய்கள் வரும் இடம் அது.

எல்லாம் செய்தும் அது போய்விடலாம். அதையும் நீ தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். அப்படி நடந்தால் உன் வீட்டில், உன் கை பட்டுப் போகட்டும். பிழைத்து எழுந்தபின், இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் வளர்க்க முடியாது என்று தோன்றினால் தயங்காமல் சொல், நாங்கள் வைத்துக்கொள்கிறோம். ஆனால் உடனே அனுப்பாதே. தேறிய பிறகும் சில வாரம் மலத்தில் கிருமி வரும், எதிர்வீட்டில் இப்போதுதான் நாய் குட்டி போட்டிருக்கிறது.

அப்பா இன்று காலையில் பணம் போட்டுவிடுவார். வாந்தி நின்றதா என்று ராத்திரிக்குள் ஒரு வரி எழுது.

அன்புடன்,
அம்மா