தயிர் வாளி மூடியில் ஒரு துளை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை தொடங்கினாலே மொட்டை மாடியில் பறவைகளுக்குத் தண்ணீர் வையுங்கள் என்று எல்லாப் பத்திரிகையும் எழுதும், நீங்களும் எழுதுகிறீர்கள், நல்ல விஷயம்தான். காக்கை எங்காவது பறந்துபோய்க் குடித்துவிடும், ஆனால் வேலிக்குள் கிடக்கிற கோழி நாம் வைத்ததைத்தான் குடித்தாக வேண்டும், அதைப் பற்றி ஒரு வரி எங்கேயும் வருவதில்லை.

எங்கள் வீடு அரவக்குறிச்சிப் பக்கம். நாட்டுக்கோழி, பெட்டை 13, சேவல் 2. முன்பு ஒரு மண்சட்டி வைத்திருந்தேன். காலையில் ஊற்றினால் அரை மணி நேரத்தில் கிளறிய மண்ணும் எச்சமும் அதில் மிதக்கும், மத்தியானம் பார்த்தால் எதுவாவது விளிம்பில் ஏறிக் கவிழ்த்திருக்கும். கோழிக்கு வேர்க்காது, வாயைத் திறந்து இரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ளும், அப்படி இரைக்க இரைக்க உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கும். சாதாரண நாளில் கால் லிட்டருக்குள் குடிப்பது சித்திரையில் இரண்டு மடங்கு கேட்கும். ஒரு சட்டி எந்த மூலைக்கு?

அப்புறம் செல்போனில் பார்த்து 5 லிட்டர் எண்ணெய் கேனைக் கழுவி எடுத்தேன். அடிப்பக்கத்தில் ஒரு துளை, அதை ஒரு அகலத் தட்டில் நிற்க வைத்து, தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கிவிட்டால் போதும். தட்டில் தண்ணீர் ஏறித் துளையை மறைத்ததும் உள்ளே காற்று போக வழியில்லாமல் தானாக நின்றுவிடும், கோழி குடித்து மட்டம் இறங்கினால் 'குபுக்' என்று ஒரு குமிழி உள்ளே போய் அந்த அளவு தண்ணீர் வெளியே வரும். கவனிக்க வேண்டியது இரண்டுதான். துளை தட்டின் விளிம்பைவிடக் கீழே இருக்க வேண்டும், மூடி கொஞ்சமும் காற்று விடக்கூடாது. இல்லாவிட்டால் 5 லிட்டரும் தரையில்தான். வாங்குகிற கோழித் தண்ணீர் டப்பாவும் இதே சூட்சுமம்தான். ஆனால் தட்டு தட்டுதானே, அதிலும் மண்ணைக் கிளறிப் போட்டுவிடுகின்றன.

அடுத்ததாக நாமக்கல்லிலிருந்து சிவப்பு நிப்பிள் (நுனியில் உள்ள முள்ளைக் கொத்தினால் மட்டும் தண்ணீர் சொட்டுகிற சின்ன முனை) நான்கு வரவழைத்தேன், அங்கே முட்டைக்கோழிப் பண்ணை நிறைய, சாமான் சுலபமாகக் கிடைக்கும். விசேஷத்துக்கு வாங்கிய 10 லிட்டர் தயிர் வாளி சும்மா கிடந்தது. (பெயிண்ட் வாளி வேண்டாம், எவ்வளவு தேய்த்தாலும் எனக்கு மனசு ஒப்பாது.) அடியில் துளையிட்டு, மரையில் டெஃப்ளான் டேப் சுற்றி முடுக்கி, கோழி கழுத்தை நீட்டி அண்ணாந்து கொத்துகிற உயரத்தில் தொங்கவிட்டேன். கொத்தினால் சொட்டு வாயில் விழும், மண்ணும் இல்லை, எச்சமும் இல்லை. ஒரு கோழி கற்றுக்கொண்டால் மற்றவை பார்த்துக் கற்றுக்கொள்கின்றன.

இரண்டாம் நாள் கோழிகள் நிப்பிளைக் கொத்திக் கொத்திவிட்டு வாயைப் பிளந்து நின்றன. வாளியைத் தட்டிப் பார்த்தேன், முக்கால் வாளி இருக்கிறது. பழகவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன், அதுதான் நான் செய்த மடத்தனம். மறுநாள் மூடியைத் திறந்தபோது 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்தது, அந்த நிமிஷமே கொத்தக் கொத்தக் கீழே சொட்ட ஆரம்பித்தது. கேனுக்கு மூடியை இறுக்கிய பழக்கத்தில் இதற்கும் இறுக்கியிருக்கிறேன்! தண்ணீர் இறங்குகிற அளவுக்கு மேலே காற்று வர வேண்டும், இல்லாவிட்டால் இறங்காது. அங்கே காற்று போகக் கூடாது, இங்கே போகாமல் இருக்கக் கூடாது. மூடியில் ஆணியைச் சுட்டு ஒரு துளை போட்டதோடு சரியாகிவிட்டது, ஆனால் ஒரு பெட்டை அதற்குள் போய்விட்டது, மற்றவை ஒரு வாரத்துக்கு மேல் முட்டையே இடவில்லை. நான் பார்த்த ஒரு வீடியோவிலும் இதைச் சொல்லவில்லை. எங்கே வெட்ட வேண்டும், எதை ஒட்ட வேண்டும் என்பதோடு முடித்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. சட்டி காலியானால் தூரத்திலிருந்தே தெரியும், நிப்பிள் அடைத்தால் தெரியாது. எங்கள் போர் தண்ணீர் உப்பு, மாதம் ஒருமுறை கழற்றி எலுமிச்சைச் சாற்றில் ஊறவைக்காவிட்டால் முள் அசையாமல் பிடித்துக்கொள்ளும். அதனால் தினமும் காலையில் ஒவ்வொன்றையும் விரலால் தட்டிப் பார்க்கிறேன். வாளியை முதலில் முருங்கையில்தான் மாட்டினேன். முருங்கை நிழலெல்லாம் ஒரு நிழலா? பதினோரு மணிக்கே தண்ணீர் சுட்டது, சுடுகிற தண்ணீரைக் கோழி சீண்டாது. இப்போது வேம்படியில் ஈரச்சாக்கு சுற்றித் தொங்குகிறது. சின்னக் குஞ்சுகளுக்கு மட்டும் இன்னும் ஆழமில்லாத தட்டுதான், விழுந்து முங்காமல் இருக்கக் கூழாங்கல் பரப்பி வைக்கிறேன்.

புறக்கடைக் கோழி வளர்ப்பு என்று அரசுத் திட்டத்தில் பெண்களுக்குக் குஞ்சுகள் தருகிறார்கள். நான் வாங்கிய இடத்தில் தீவனம் பற்றி, வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி பற்றியெல்லாம் சொன்னார்கள், தண்ணீர் எதில், எங்கே வைப்பது என்று யாரும் வாய் திறக்கவில்லை. உங்கள் விவசாயப் பக்கத்தில் பங்குனிக்கு முன்னால் அரைப் பத்தியாவது, படத்தோடு, போடுங்கள். அந்தக் காற்றுத் துளையை அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் போன வாரம் என்னைப் பார்த்து ஒரு வாளி மாட்டியிருக்கிறார். மூடியில் துளை போடுங்கள் அண்ணா என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்தேன், தூசி விழுமே என்றார். சாயங்காலம் போய்ப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அரவக்குறிச்சி, கரூர் மாவட்டம்