புதிய பற்றீரியா எதிர்மருந்துகளுக்கு நிதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் பேத்தியின் சிறுநீர்ப் பரிசோதனை அறிக்கையில் ஆறு மருந்துகளுக்கு எதிரே ‘எதிர்ப்பு’, அதாவது பற்றீரியா அவற்றுக்குக் கட்டுப்படாது, என்று குறித்திருந்ததைக் கண்ட நாள்முதல், பற்றீரியாவை எதிர்க்கும் புதிய செயற்கைச் சேர்வைகளை உருவாக்கும் ஆய்வுகளைக் கவலையோடு கவனித்து வருகிறேன். 96 குழிகள் கொண்ட தட்டில் சேர்வையைப் படிப்படியாக ஐதாக்கி, பற்றீரியாவால் திரவம் கலங்காமல் தெளிந்திருக்கும் மிகக் குறைந்த செறிவைக் கண்டறிவது தொடக்கம் மட்டுமே. 1932 இல் ஜேர்மனிய ஆய்வாளர் டோமாக் எலிகளில் சோதித்த புரொன்டோசில் என்னும் செயற்கைச் சேர்வை, சோதனைக் குழாயில் பயனற்றிருந்தும், உடலினுள் சிதைந்து, பற்றீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கும் சல்பனிலமைட்டை வெளியிட்டே தொற்றை அடக்கியது. ஆகவே குழாயில் கிடைத்த முடிவை மட்டும் வைத்து ஒரு சேர்வையை ஒதுக்குவதும் கொண்டாடுவதும் தவறென்பேன். நமது பல்கலைக்கழகங்களின் இரசாயனத் துறைகளும் மருத்துவ பீடங்களும் இணைந்து இவ்வாய்வைத் தொடர, அரசு தனி நிதி ஒதுக்க வேண்டும்.

வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.