மொத்தக் கணக்கில் மறைந்துபோகும் எங்கள் யானைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழகத்தில் யானைகள் 2023-ல் 2,961, 2024-ல் 3,063. எண்ணிக்கை கூடியதைப் படித்து எல்லோரையும் போல நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையில் செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே இருக்கும் யானைகள் எப்படி இருக்கின்றன என்று அந்த மொத்தத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

அந்தக் கணவாய் வழியாகப் போன செங்கோட்டை–புனலூர் மீட்டர் கேஜ் பாதையில் கீமேனாக இருந்தவன் நான். அகலப் பாதைக்காக 2010-ல் அது மூடப்படும் வரை, தோளில் சுத்தியலோடு தண்டவாளத்தை நடந்து பார்ப்பதே பிழைப்பு. வழியில் யானை லத்தி கிடந்தால் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். சூடு இருந்தால் அங்கேயே நின்றுவிடுவேன். ஆரியங்காவுப் பக்கம் ஒரு கிழட்டுப் பெண் யானை. காதின் மேல்விளிம்பு மடிந்து, நெற்றிப் பொட்டு இரண்டும் குழிந்திருக்கும். மற்றவை எல்லாம் அதற்குப் பின்னால்தான் நிற்கும். தெற்குச் சரிவில் இறங்கி வரும், துதிக்கையைத் தூக்கி மோப்பம் பிடிக்கும், திரும்பிவிடும். பாதையைத் தாண்டி வடக்கே போனதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ரயிலுக்குப் பயப்படுகிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் விஞ்ஞானி உமா ராமகிருஷ்ணனும் அவரோடு உழைத்தவர்களும் 2024-ல் 'கரண்ட் பயாலஜி' இதழில் வெளியிட்ட ஆய்வைப் பற்றி, விலங்கியல் படித்த என் மகள்தான் சொன்னாள். இந்திய யானைகள் மரபணு அளவில் ஐந்து கூட்டங்களாம். அதில் மூன்று தெற்கில்: பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒன்று, அதற்கும் செங்கோட்டைக் கணவாய்க்கும் இடையே ஒன்று, செங்கோட்டைக்குத் தெற்கே ஒன்று. மரபணு வேறுபாடு மிகக் குறைவாக இருப்பது கடைசியில் சொன்ன எங்கள் யானைகளிடம். கூட்டம் சிறுத்து, சொந்தத்துக்குள்ளேயே இணை சேர்ந்தால், தாய் வழியும் தகப்பன் வழியும் ஒரே குறை குட்டியிடம் வந்து சேர வாய்ப்பு அதிகம். கணவாய் ரயிலுக்கு வெகுகாலம் முந்தியது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதன்மேல் தோட்டமும் சாலையும் தண்டவாளமும் சேர்ந்தால், எப்போதாவது ஒரு கொம்பன் கடந்து போகக்கூடிய வழியும் அடைபட்டுப் போகும்.

இதைச் சொன்னால், "இப்பவும் ஆனை தோட்டத்துக்குள்ள வந்துட்டுத்தானே இருக்கு" என்கிறார்கள் எங்கள் ஊரில். எனக்குக் கவலையே அங்கேதான். யானை 60 வயதைத் தாண்டியும் வாழும். கடைவாய்ப் பல் ஆறு முறை முளைக்கும். கடைசி ஜோடி தேய்ந்த பிறகுதான் தீனி மெல்ல முடியாமல் ஓய்ந்துபோகும். சினைக்காலமே ஏறத்தாழ 22 மாதம், ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் நான்கைந்து வருடம். ஆகவே பிறப்பு குறைந்தாலும், பழைய யானைகள் நடமாடிக்கொண்டே இருப்பதால், பல வருடங்களுக்குக் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

வயதானவை போனால் போகட்டும் என்றும் இருக்க முடியாது. மியான்மரில் மரம் இழுக்கும் யானைகளின் பதிவேடுகளை வைத்து ஆராய்ச்சியாளர் விர்பி லும்மா குழுவினர் 2016-ல் ஒன்றைக் காட்டினார்கள். 20 வயதுக்குக் குறைந்த தாய்க்குப் பிறந்த குட்டி, பாட்டி யானை கூடவே இருந்தால் சாகும் அபாயம் எட்டில் ஒரு பங்காகக் குறைகிறதாம். எனக்கு உடனே ஆரியங்காவுக் கிழவிதான் நினைவுக்கு வந்தது.

கணவாய்க்குத் தெற்கே இருக்கும் எங்கள் யானைகளுக்காக அகத்தியமலை யானைகள் காப்பகம் 2022-ல் 1,197 சதுர கிலோமீட்டரில் அறிவிக்கப்பட்டது பெரிய காரியம். இனி வரும் கணக்கெடுப்புச் செய்திகளில் மாநில மொத்தத்தோடு அகத்தியமலை எண்ணிக்கையையும் தனியாக அச்சிடுங்கள்: எத்தனை குட்டி, எத்தனை வளர்ந்த பெண், எத்தனை கொம்பன் என்று. லத்தியின் மேல்பூச்சில் ஒட்டியிருக்கும் குடல் செல்களிலிருந்தே மரபணு எடுக்கலாம், யானையைத் தொடவே வேண்டாம். அந்தச் சோதனையைக் கணவாயின் இருபுறமும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்யும்படி தமிழக, கேரள வனத்துறைகளைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். லத்தி கிடக்கும் இடங்களைக் காட்ட எங்களைப் போல அந்தப் பாதையில் நடந்த பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறோம். கூப்பிட்டால் வருவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கீமேன்,
செங்கோட்டை.