உம்ம பேட்ரி லைட்டும் கன்னடியன் கால் வரப்பும்

கல்லிடைக்குறிச்சி,
தை 12

ஓய் கந்தையா,

காயிதம் போட்டு ஏழு மாசம் ஆயிட்டு, கோவிச்சுக்கிடாதேயும். அதான் போன்ல பேசுதோமேம்பீரு. போன்ல நீரு எங்க வே என்னைப் பேசவிட்டீரு? இங்க எல்லாரும் சுகம். பெரியவளுக்கு மாசிக் கடைசியில வளைகாப்பு. உம்ம மைனிக்கு முட்டுவலி அப்படியேதான் இருக்கு. வாத்தியார் பழைய கணக்கைக் கேட்டார். நீரு துபாய் போயிட்டதாச் சொல்லிட்டேன்.

சமாசாரம் என்னன்னா, தீவாளிக்கு நீரு பம்பாய்லேருந்து அனுப்பின பேட்ரி லைட்டு என்னைக் கொல்லப் பாத்துட்டு.

சிரிக்காதேயும். மார்கழிக் கடைசி, ராத்திரி ரெண்டு மணி, கன்னடியன் கால்ல நம்ம முறைத் தண்ணி. பிசான நெல்லு பால் பிடிக்கிற நேரம் பாத்து மணிமுத்தாறு பக்கமிருந்து பன்னி வேற எறங்குது. உம்ம லைட்டை அடிச்சேன். அடேயப்பா! பனிக்குள்ள வெள்ளைக் கம்பு நட்டமாதிரி நேராப் போயி கடைசிப் பனைமேல விழுந்துது. பனை மூட்டுல ரெண்டு பன்னி நிக்குது. அந்தப் பெருமையில அதையே பாத்துக்கிட்டு நடக்கேன், காலுக்குக் கீழ கும்மிருட்டு. திடீர்னு குக்கர் மூச்சு விடுதமாதிரி சத்தம். லைட்டைக் கீழ திருப்பினா, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வெள்ளை வெளேர்னு ஒரு வட்டம், கண்ணு கூசிட்டு. வட்டத்துக்குள்ள மண்ணு, சருகு, வைக்கோல் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். அதுல ஒரு வைக்கோல் பிரி மட்டும் உப்பி உப்பி அடங்குது.

கண்ணாடி விரியன் வே. என் பெருவிரலுக்கும் அதுக்கும் ஒரு சாண் இருந்தாப் பெரிசு.

நம்ம சுடலை பாம்பு கடிச்சு விழுந்த இடம் அங்கேயிருந்து நாலு வரப்புதான் தள்ளி. நீரு மிதிக்க, நான் பின்னால அவனைப் பிடிச்சுக்கிட்டு, அம்பாசமுத்திரம் வரைக்கும் போன அந்த சைக்கிள். வீட்டுக்கு வந்து விடியுத வரைக்கும் திண்ணையிலேயே உக்காந்திருந்தேன். விடும்.

மறுநாள் உம்ம லைட்டு வந்த பெட்டியை எடுத்து வாசிச்சுப் பாத்தேன். ‘1,00,000 லூமன், 2 கிலோமீட்டர்’னு போட்டிருக்கு. அம்பையில செல்போன் ரிப்பேர் பாக்குத பையன்கிட்டக் காட்டினா, விழுந்து விழுந்து சிரிக்கான். நல்ல எல்இடி ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 100 லூமன் தரும். அப்போ லட்சம் லூமனுக்கு 1,000 வாட் வேணும், அது நம்ம வீட்டு இஸ்திரிப் பெட்டி இழுக்குத கரண்டு, விரல் தண்டி பேட்டரியில எப்படி அண்ணாச்சி வரும்னு கேக்கான். நீரு எவ்வளவு குடுத்து வாங்கினீருன்னு நான் அவன்கிட்டச் சொல்லலை. உம்ம மானம் என் மானம்.

ஆனா அவன் சொன்ன இன்னொண்ணுதான் மண்டையில ஏறிட்டு. லூமன்கிறது மொத்தமா வெளிய வாற வெளிச்சம். அது எந்தப் பக்கம் எவ்வளவு நெருக்கமாப் போகுதுங்கிறது கேண்டெலா. தண்ணி பாய்ச்சுத நமக்கு இது தெரியாதா? டியூப்ல வார தண்ணி ஒண்ணுதான். வாயைக் கட்டைவிரலால அமுக்கினா வாழைக் கொண்டை வரைக்கும் பீச்சும். விரலை எடுத்தா மூடு நனையும். உம்ம லைட்டு அமுக்கின டியூப். பொடி எல்இடி, அகலமான வழவழ கப்பு, அதனால வெளிச்சம் பூராவும் கம்பாப் போகுது. மூட்டுக்கு மிச்சம் சொட்டுதான்.

அளந்தும் பாத்துட்டேன். ரைஸ் மில் சுவத்துலேருந்து 5 மீட்டர் தள்ளி லைட்டைக் கட்டி, வட்டத்து நடுவுல செல்போனை வெச்சா, அந்த இடத்துல விழுத வெளிச்சம் 1,500 லக்ஸ்னு காட்டிச்சு. தூரத்தைத் தூரத்தால பெருக்கு, 25. அதை 1,500-ஆல பெருக்கு, 37,500 கேண்டெலா. அதுக்கு வர்க்கமூலம் எடுத்து ரெண்டால பெருக்கினா எட்டுத தூரம் வரும், ஏறக்குறைய 390 மீட்டர். ரெண்டு கிலோமீட்டர் எட்டணும்னா பத்து லட்சம் கேண்டெலா வேணும். அந்த மில் சுவத்துல 40,000 லக்ஸ் விழணும். உச்சி வெயிலே லட்சம் லக்ஸ்தான் வே! வாட்ச்மேன் வந்து என்ன அண்ணாச்சி மில்லை அளக்கீங்க, விலைக்கு வருதான்னு கேட்டுட்டுப் போனான்.

அந்த ‘எட்டுத தூரம்’கிறதுலயும் ஒரு சூது இருக்கு. கடைசி மீட்டர்ல விழுதது கால் லக்ஸ், அதாவது பௌர்ணமி நிலா அளவு. கருப்பா ஒண்ணு அசையுதுன்னு தெரியும், பன்னியா உம்ம மாமனாரான்னு தெரியாது. பாதியை நம்பினாப் போதும்.

அதுக்கப்புறம் எனக்குப் பைத்தியம் பிடிச்சிட்டுன்னு உம்ம மைனி சொல்லுதா. முதல்ல உம்ம லைட்டு கண்ணாடியில பால் கவரை இழுத்து ரப்பர் பேண்டு போட்டேன். வட்டம் கரைஞ்சு வரப்பு பூராவும் பரவிட்டு. பத்துப் பைசா செலவில்லை! அதோட விட்டிருக்கலாம். விடலை. எங்க அய்யா வெச்சிருந்த மூணு கட்டைப் பித்தளை லைட்டு பரண்ல கெடந்துது, நாம ஆத்துல போட்டு அடி வாங்கினோமே அதேதான். அதுக்குள்ள எல்இடி வெச்சுருவோம்னு இறங்கிட்டேன்.

முதல் எல்இடியைப் பசை போட்டு ஒட்டினேன். ரெண்டு நிமிஷம் ஜோரா எரிஞ்சுது. அப்புறம் வெளிச்சம் நீலம் பாரிச்சு, கருகின வாடை வந்து, முடிஞ்சிட்டு. பையன் தலையில அடிச்சுக்கிட்டான். எல்இடிக்குச் சூடு ஆகாதாம். பின்னால சூடு எறங்க வழி வைக்கணுமாம். உள்ள இருக்கிறது நீல விளக்கு, மேல பூசியிருக்க மஞ்சப் பொடிதான் அதை வெள்ளையாக் காட்டுதுன்னும் சொன்னான். பொடி வெந்தா நீலம் வெளிய வந்துரும். இரும்புக் கடையில செம்புத் தகடு வாங்கி, வட்டமா ராவி, பித்தளை உடம்புல இறுக்கமாப் பிடிக்குதமாதிரி அடிச்சு எறக்கி, அதுமேல ரெண்டாவது எல்இடியைத் திருகினேன். ராவுதுக்கு மட்டும் ஒரு நாள் போயிட்டு. கரண்டைக் கட்டுப்படுத்த ஒரு சின்னப் பலகை அவனே பத்தவெச்சுத் தந்தான்.

வெள்ளை வேண்டாம்னு சொல்லி, கொஞ்சம் மஞ்சப் பக்கம் சாஞ்ச 4000 கெல்வின் எல்இடியாக் கேட்டு வாங்கினேன், நிறத்தை நிறமாக் காட்டுத சாதி. முன்னால பரவுத லென்ஸ். 300 லூமன் தேறினா அதிகம், நாப்பது மீட்டரைத் தாண்டாது. நேத்து அதை எடுத்துக்கிட்டு அதே வரப்புல நடந்தேன் வே. செம்மண்ணு செம்மண்ணாத் தெரியுது, சருகு தவிட்டு நிறமாத் தெரியுது, நண்டு வளை வாயில ஈரம் மினுங்குது. காலைச் சுத்தி நாலு எட்டு அகலத்துக்கு எல்லாம் துலக்கமா இருக்கு. விரியன் இருந்திருந்தா அஞ்சாறு எட்டுக்கு முன்னாலயே கண்டிருப்பேன்.

உம்ம லைட்டைத் திருப்பித் தருவேன்னு நினைக்காதேயும். பன்னிக்கு அது வேணும்; பனை மூட்டை அது காட்டுதமாதிரி என்னுது காட்டாது. இடுப்புல அது, கையில இது.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தாவைப் பாக்க வருவீருல்லா, அப்போ அந்த விரல் தண்டி பேட்டரி, 18650-னு கேக்கணும், ரெண்டு வாங்கிட்டு வாரும். உம்ம லைட்டோட வந்ததுல ‘9900’ mAh-னு எழுதியிருக்கு, அதாவது உள்ள எவ்வளவு கரண்டு நிக்கும்ங்கிற கணக்கு. அந்த அளவுல 3,500 கிட்ட இருந்தாலே உசத்தி. தங்கத் தராசுல வெச்சுப் பாத்தேன், 27 கிராம். உள்ள என்ன மாவா அடைச்சிருக்கான்? நீரு கடையிலயே எடை போட்டு வாங்கும். 45 கிராமுக்குக் கீழ இருந்தா அங்கனயே வெச்சிட்டு வாரும். அப்பளக் கட்டு உமக்கு எடுத்து வெச்சிருக்கேன், மைனி பொரிச்சுத் தீக்குதுக்குள்ள வந்து சேரும்.

உம்ம
பரமசிவம்