உயரத்தில் வைத்தால் போதாது, மங்கை

ரங்கூன்,
ஆடி மாதம்.

அன்புத் தோழி மங்கைக்கு,

இங்கு நலம். உன் நலமும் அண்ணன் நலமும் பேரப்பிள்ளைகள் நலமும் அறிய ஆவல். மோல்மேனில் மழை விட்டபாடில்லை என்று எழுதியிருந்தாய். இங்கும் அப்படித்தான், துணி காய நான்கு நாள் ஆகிறது, முழங்கால் வலிக்கோ இந்த ஈரம் ஆகவே ஆகாது. மற்றச் செய்திகளை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: "பேத்தி கொண்டுவந்த பூனைக்குட்டி இலைகளைக் கடிக்கிறது என்று தொட்டிகளையெல்லாம் அலமாரிக்கு மேல் ஏற்றிவிட்டேன், இனிக் கவலையில்லை." கவலையில்லை என்று நீ எழுதிய இடத்தில்தான் எனக்குக் கவலை பிறந்தது. அதனால் இந்தக் கடிதம் முழுவதும் அதைப் பற்றியே இருக்கும், பொறுத்துக்கொள்.

பூனைக்கு உயரம் ஒரு தடையே இல்லை. நான்கு மாதக் குட்டி திரைச்சீலையைப் பிடித்து ஏறிவிடும். ஏறாமற்போனாலும் மேலிருந்து தொங்கும் கொடி அதற்கு ஆடுகின்ற கயிறு, உதிர்ந்து தரையில் விழும் இலை விளையாட்டுப் பொருள். இவற்றையெல்லாம் விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பூனை தன் உடம்பை நாள் முழுவதும் நக்கித் துடைத்துக்கொள்ளும் பிராணி. மேலே ஒட்டிய எதுவும் சிறிது நேரத்தில் அதன் வயிற்றுக்குள் போய்விடும். இதை நான் என் பூனை முத்துவைக் கொடுத்துத்தான் கற்றேன்.

முத்து நோயில் இறந்தான் என்று மட்டும்தான் உனக்கு எழுதியிருந்தேன். முழுவதும் எழுத அப்போது மனம் வரவில்லை. அன்று அவருடைய திதி. காலையில் தெருவில் பூக்காரி குரல் கேட்டதும், வழக்கம் போல பால்கனியிலிருந்து கயிற்றில் பணத்தைக் கட்டி இறக்கினேன். அவள் ஆறு தண்டு வெள்ளை லில்லியைக் கட்டி அனுப்பினாள். நீளமான இதழ்களும் வீடெல்லாம் நிறையும் மணமுமாக இருந்த அந்தப் பூக்களைப் படத்தின் முன் ஜாடியில் வைத்தேன். மறுநாள் காலை முத்துவின் பிடரியில் காவி கலந்த மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. அடுக்களையில் மஞ்சள் தூள் டப்பாவில் உரசியிருப்பான் என்று எண்ணி, நான் கை துடைப்பதற்குள் அவனே நக்கிச் சுத்தம் செய்துகொண்டான். அது பூவின் மகரந்தம்.

மதியம் வாந்தி எடுத்தான். மயிர் உருண்டையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். மாலையில் சற்றுத் தெளிந்தது போலவும் இருந்தான். அந்தத் தெளிவுதான் என்னை ஏமாற்றியது. அடுத்த நாள் தண்ணீர்க் கிண்ணத்தின் முன் குனிந்து உட்கார்ந்தான், ஆனால் குடிக்கவில்லை. மணல் தட்டு காய்ந்தே கிடந்தது. மூன்றாம் நாள் தூக்கிக்கொண்டு ஓடினேன். கால்நடை மருத்துவர் அவனைத் தொடுவதற்கு முன்பே, "வீட்டில் லில்லிப் பூ வைத்திருந்தீர்களா?" என்று கேட்டார். சிறுநீரகங்கள் இரண்டும் நின்றுவிட்டன. ஐந்தாம் நாள் விடியற்காலையில் என் மடியிலேயே உயிர் பிரிந்தது.

அவர் அன்று சொன்னதையும் பிறகு நான் தேடிப் படித்ததையும் உனக்கு எழுதுகிறேன். லில்லியின் இதழ், இலை, தண்டு, மகரந்தம், ஜாடியில் தேங்கிய நீர் ஆகிய அனைத்துமே பூனைக்கு நஞ்சு. அந்த நஞ்சு இன்ன பொருள் என்று யாரும் இன்னும் பிரித்தறியவில்லை. நாய் தின்றால் வயிறு கெடுவதோடு போய்விடும். பூனைக்கோ 24 மணி முதல் 72 மணி நேரத்துக்குள் சிறுநீரகம் செயலிழந்துவிடுகிறது. நஞ்சு பட்ட 18 மணி நேரத்துக்குள் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றத் தொடங்கி, இரண்டு மூன்று நாள் விடாமல் ஏற்றினால் பெரும்பாலும் பிழைத்துவிடும். சிறுநீர் நின்ற பிறகு கொண்டுபோனால் நம்பிக்கை மிகக் குறைவு. வாந்தி கண்ட மதியமே நான் புறப்பட்டிருந்தால் என்ற எண்ணம் இன்றும் என்னை விடவில்லை, மங்கை.

இதில் நம் மொழியில் ஒரு குழப்பமும் உண்டு. லில்லி என்ற பெயரைக் கேட்டு நம்மவர்கள் அல்லி என்கிறார்கள். குளத்து அல்லி வேறு. கடைகளில் பீஸ் லில்லி என்று விற்கும் வெள்ளை மடல் பூச்செடியும் வேறு. அது வாயை எரிக்கும், சிறுநீரகத்தைத் தொடாது. சிறுநீரகத்தைக் கொல்பவை உண்மையான லில்லிகளும், ஒரே நாளில் பூத்து வாடும் டே லில்லிகளும். நம் செங்காந்தள் இந்த இனமே அன்று, ஆனால் அதுவும் கொடிய நஞ்சு. கிழங்கைத் தின்று மனிதர்களே மாண்டிருக்கிறார்கள்.

இனி உன் அலமாரிக்கு வருகிறேன். பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வளர்க்கும் மணி பிளான்ட்டும், வெள்ளைப் புள்ளி விழுந்த அகல இலை டைபன்பாக்கியாவும் உன்னிடம் உண்டு என்பது எனக்கு நினைவிருக்கிறது. காராக்கருணையைச் சரியாக வேக வைக்காவிட்டால் தொண்டை அரிக்குமே, அதே காரணம்தான் இங்கும். இவையெல்லாம் ஒரே குடும்பம். இலைக்குள் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியாக இருக்கிறது, கடித்தவுடன் வாயில் குத்துகிறது. குட்டி எச்சில் வடித்து, முன்காலால் வாயைத் தேய்த்துக்கொள்ளும். உயிருக்கு ஆபத்து அரிது, வேதனை பெரிது. அப்படி நேர்ந்தால் ஈரத் துணியால் வாயைத் துடைத்துவிட்டுச் சிறிது பாலோ தயிரோ நக்கக் கொடு.

கற்றாழையும் கற்பூரவல்லியும் நமக்கு மருந்து, பூனைக்கோ வாந்தியும் கழிச்சலும் தருபவை. அம்மனுக்குச் சாற்றும் அரளியும், அழகுக்கு வளர்க்கும் ஆடீனியமும் இதயத்தையே தாக்கும். கோயிலிலிருந்து வரும் மாலையில் அரளி இருந்தால் வீட்டுக்குள் கொண்டுவராதே. குட்டைப் பனை போலிருக்கும் சைக்காஸ் செடி இருந்தால் இன்றே யாருக்காவது கொடுத்துவிடு, அதன் விதை கல்லீரலை அழிக்கிறது. பக்கத்து வீட்டுப் பர்மியர்கள் புத்தர் முன் வைக்கும் கிளாடியோலசும் சாமந்தியும்கூடக் குட்டிக்கு ஆகாதவை. அவர்களிடமும் பூனை இருந்தால் நயமாகச் சொல்லிப் பார்.

செடியே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். துளசி, மல்லிகை, ரோஜா, ஆர்க்கிட், ஸ்பைடர் பிளான்ட், அரிக்கா பனை, பாஸ்டன் பெரணி இவற்றால் பூனைக்குத் தீங்கில்லை. எதை எங்கே வைப்பது என்பதைவிட எதை வீட்டுக்குள் விடுவது என்பதையே நான் இப்போது யோசிக்கிறேன்.

குட்டி இலையைக் கடிப்பது குறும்பினால் மட்டும் என்று எண்ணாதே. புல் மேய்வது பூனைக்கு இயல்பு. கடிக்கத் தகுந்ததை அதற்கென்றே நாம் வளர்த்துக் கொடுத்துவிடலாம். இந்த ஆடியில் மாரியம்மனுக்கு முளைப்பாரி போடுவாய் அல்லவா? அதேபோல ஒரு தட்டில் மண் பரப்பி, இரவு முழுவதும் ஊறிய கோதுமையை நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிய மண் மூடி வைத்துப் பார். பத்து நாளுக்குள் விரல் நீளம் வளர்ந்துவிடும். இப்போது என்னிடம் இருக்கும் செவலை காலையில் எழுந்ததும் நேரே அங்குதான் போகிறது. தலையைச் சாய்த்து, கடைவாயால் ஒவ்வோர் இதழாகக் கத்தரிப்பதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். ஒரு தட்டு தீருமுன் அடுத்ததை விதைத்துவிடுகிறேன்.

தொட்டி மண்ணைத் தோண்டுகிறது என்றும் எழுதியிருந்தாய். மீன் கழுவிய நீரை ரோஜாவுக்கு ஊற்றும் பழக்கத்தை நீ விட்டிருக்க மாட்டாய். முதலில் அதை விடு. அந்த வாடைக்குத்தான் தோண்டுகிறது. மண்ணின் மேல் குட்டியால் புரட்ட முடியாத கூழாங்கற்களை அடுக்கு. ஆனால் அந்துருண்டையை மட்டும் போடாதே, அது பூனைக்கு நேரடி நஞ்சு. மிளகாய்த் தூளும் வேண்டாம். பாதத்தில் ஒட்டியது கண்ணுக்குப் போகும். (குப்பைமேனிக்கு நம் பெரியவர்கள் பூனைவணங்கி என்று பெயர் வைத்தார்களே, எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள்! அதன் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை சுற்றிச் சுற்றி வருகிறது. என்றாலும் அதைக் குட்டிக்குத் தின்னக் கொடுக்காதே.)

எதையாவது தின்றுவிட்டால் உப்பு நீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், உப்பே உயிருக்குக் கேடு. மேலே மகரந்தம் ஒட்டியிருந்தால் நக்கவிடாமல் துணியில் சுற்றிப் பிடித்து உடனே துடைத்துவிடு. தின்ற செடியில் ஒரு கிளையை ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டு மருத்துவரிடம் போ. வாயால் விவரிப்பதைவிட அது அவருக்கு உதவும். நோய்க்குறி வரட்டும் என்று காத்திருக்காதே.

உன் மாடிப்படி அருகே ஒரு பெரிய தொட்டி நிற்குமே, சிவந்த நரம்போடு அகலமான இலை, நான் வந்திருந்தபோது பெயர் கேட்க மறந்துவிட்டேன். அதில் ஓர் இலையைத் தாளில் அழுத்தி அடுத்த கடிதத்தோடு வைத்து அனுப்பு. அதுவரை அந்தக் கதவைச் சாத்தியே வை.

அன்புடன்,
உன் சரோஜா